கூரையைப் பிரித்துவிட்டு எங்கே படுப்பது?

புது வீடு கட்டுகிறவனுக்கு ஊரே துணை நிற்கும். கால்கோள் நாட்ட ஆள் வருகிறது, நிலைவாசல் வைக்கும்போது மாலை வருகிறது, குடிபுகும் நாளில் விருந்து வருகிறது. வீட்டை இடிப்பவனுக்கும் கூட்டம் உண்டு. மரத்துக்கு ஒரு வியாபாரி, இரும்புக்கு ஒரு வியாபாரி, செங்கல்லுக்கு ஒரு வியாபாரி என்று ஏலம் எடுக்க முண்டியடிப்பார்கள். இந்த இருவருக்கும் நடுவிலே மூன்றாமவன் ஒருவன் இருக்கிறானே, பழைய வீட்டிலே குடியிருந்துகொண்டே, அறை அறையாக அதைச் செப்பனிடுகிறவன், அவனுக்கு யார் இருக்கிறார்? மாலை இல்லை, மேளம் இல்லை. கட்டிலின் மேலே பாத்திரம், பாத்திரத்தின் மேலே பாடப்புத்தகம், புத்தகத்தின் மேலே சுண்ணாம்புத் தூள். பிள்ளை சமையற்கட்டிலே படிக்கிறான். கிழவி கூடத்திலே இருமுகிறாள். மனைவி, "இன்றைக்காவது குழாய் வருமா?" என்று கேட்கிறாள்.

அரசியல் ஏட்டிலே இந்த அடுப்பங்கரைக் கதை ஏன் என்று கேட்கும் தோழர் இருக்கக்கூடும். கேட்கட்டும்! அந்தத் தூளைக் கிளப்புகிறவனுக்குக் கூலி கொடுப்பது யார்? அவன் மார்பிலே அந்தத் தூள் தங்கினால் கேட்பது யார்? "ரிப்பேர்" என்ற ஒரு சொல்லைக் காட்டிக் குடித்தனக்காரனை வீதிக்கு அனுப்பினால் தடுப்பது எந்தச் சட்டம்? இவை அரசியல் இல்லையென்றால் வேறு எதைத்தான் அரசியல் என்பது?

மயிலாப்பூருக்கு வாருங்கள். குளத்தைச் சுற்றிய மாட வீதிகளை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். அங்கே பூக்கடையும் பாத்திரக்கடையும் கண்ணைப் பறிக்கும். கச்சேரி சாலைக்குப் பின்னால், மந்தைவெளிப் பக்கத்துச் சந்துகளுக்குள்ளே நுழைந்து பாருங்கள். இரண்டு புறமும் அடுக்குமாடி எழும்பி நிற்க, நடுவிலே தலைகுனிந்து நிற்கும் ஒரு பழைய வீடு. வாசலிலே திண்ணை, அதிலே பாதியை நகராட்சிச் சாலை விழுங்கிவிட்டது. உள்ளே முற்றம், அதன் மேலே தகரம். ஒரு காலத்தில் ஒரே குடும்பம் வாழ்ந்த வீடு, பிறகு ஆறு குடும்பம் ஒண்டிய வீடு. ஒண்டுக்குடித்தனம் என்ற சொல்லைச் சென்னை தந்தது சும்மாவா? ஒண்டுவது என்றால் ஒதுங்கி நிற்பது, மழைக்கு மாடு ஒண்டுவதுபோல! அப்படி ஒண்டியவர்கள்தான் அச்சகத்திலே எழுத்துக் கோத்தார்கள், பஸ் ஓட்டினார்கள், கடையிலே கணக்கு எழுதினார்கள். ஒரு குழாய், ஒரு கழிப்பறை, ஆறு அடுப்பு.

அந்த வீட்டின் கூரையை அண்ணாந்து பாருங்கள், தோழர்களே. நம் தொழிலாளியின் அறிவு அங்கேதான் எழுதப்பட்டிருக்கிறது. "மெட்ராஸ் டெரஸ்" என்று நம் ஊரின் பெயரையே அதற்குச் சூட்டினார்கள். வரிசையாகத் தேக்குச் சட்டங்கள். வசதியுள்ளவன் வீட்டிலே பர்மாத் தேக்கு. அந்தச் சட்டங்களின் மேலே மெல்லிய சிறு செங்கற்களைப் படுக்க வைக்காமல் குத்தாக நிறுத்தி, குறுக்குச் சாய்வாக, சுண்ணாம்புக் காரையிலே ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டே போவான் கொத்தனார். கீழே பலகை அடைப்பு இல்லாமல், ஒட்டிய கல் தானே நிற்கும்! அதற்கு மேலே உடைத்த செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த சுருக்கி. அதைக் கொட்டிவிட்டுப் போய்விட முடியாது. பெண்கள் வரிசையாகக் குந்தி உட்கார்ந்து, கையிலே கட்டையுடன், நாள் கணக்கிலே தட்ட வேண்டும். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துத் தெளித்துத் தட்ட வேண்டும். கட்டை துள்ளித் திரும்பும் அளவுக்கு இறுகிய பிறகே நிறுத்துவார்கள். அதன் மேலே தட்டோடு. அந்த வீட்டுப் பத்திரத்திலே வீட்டுக்காரர் பெயர் இருக்கும், பாட்டனார் பெயர் இருக்கும். தட்டிய பெண்ணின் பெயர் எந்தப் பத்திரத்திலே இருக்கிறது?

இப்படி எழுந்த கூரை நூறாண்டு நிற்கிறது. நிற்கிறது என்பதற்காக நோயே வராது என்று பொருளல்ல. மழைநீர் வடியும் தாரை அடைத்துக்கொண்டால் தண்ணீர் தளத்திலே தேங்கும். தேங்கிய நீர் சட்டத்தின் நுனியைத் தேடிப் போகும். சுவருக்குள்ளே செருகியிருக்கும் அந்த நுனிக்குக் காற்று இல்லை, வெளிச்சம் இல்லை. அங்கேதான் மரம் உளுத்துப்போகும், அங்கேதான் கரையான் குடியேறும். நடுச்சட்டம் பளபளவென்று இருக்கும், நுனி மாவாகியிருக்கும். அரசியலிலும் இப்படிச் சிலரை நாம் பார்த்திருக்கிறோம், அது கிடக்கட்டும். ஆகவே, பழைய வீட்டைப் பழுது பார்க்க வந்த மேஸ்திரி முதலில் தொட வேண்டியது சட்டம் சுவரைத் தொடும் இடத்தை. ஒரு திருப்புளியால் குத்திப் பார்த்தால் போதும், மரம் உண்மை சொல்லிவிடும்.

ஆனால் நடப்பது என்ன? வீட்டுக்காரர் வண்ணத்திலிருந்து தொடங்குகிறார்! "மேஸ்திரி, பொங்கலுக்குள்ளே ஹால் பளிச்சுன்னு ஆயிடணும்" என்கிறார். "சார், மேலே ஒழுகுது. முதல்லே அதைப் பார்க்கணும்" என்கிறார் மேஸ்திரி. "அது அப்புறம் பார்த்துக்கலாம்" என்று பதில் வருகிறது. மார்கழியிலே வண்ணம், தையிலே விருந்து, மறு ஐப்பசியிலே அதே சுவரிலே ஆப்பிரிக்காப் படம்போல ஈரக்கறை! வேலைக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் கூரை, பிறகு சுவர், சுவருக்குள்ளே போகும் குழாயும் மின்கம்பியும் அதற்குப் பின், தரை கடைசிக்கு முன், வண்ணம் எல்லாவற்றுக்கும் கடைசி. தலைகீழாகப் போனால் ஒரே வேலைக்கு இரண்டு கூலி. கூலி கிடைப்பது நமக்கு நல்லதுதானே என்று எந்தக் கொத்தனாரும் சொல்வதில்லை. தன் கை வேலை ஒழுகுவதைப் பார்க்க அவனுக்குப் பிடிப்பதில்லை.

மழைக்கணக்கும் முக்கியம். சென்னையின் ஆண்டு மழை ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர். அதிலே பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்திலே கொட்டிவிடுகிறது. ஐப்பசியிலே கூரையைப் பிரிக்கச் சொல்கிறவன் வீட்டிலே குடியிருக்கிறவன் அல்ல, வேறு எங்கோ குடியிருக்கிறவன். தை பிறந்த பிறகு பிரிக்கலாம், சித்திரை வெயிலிலே உலரவிடலாம், ஆடிக்குள் மூடிவிடலாம். ஒரு அறையைப் பிரித்தால் மறு அறையிலே படுக்கலாம். இரண்டையும் ஒன்றாகப் பிரித்துவிட்டு எங்கே படுப்பது?

உளுத்த சட்டத்தை உருவுமுன் இருபுறமும் சவுக்குக் கட்டையால் முட்டுக் கொடுக்க வேண்டும். அந்த முட்டு மாதக்கணக்கிலே கூடத்தின் நடுவிலே நிற்கும். குழந்தை அதைச் சுற்றி ஓடிப் பிடித்து விளையாடும். இடைஞ்சலாயிருக்கிறது என்று ஒரு முட்டை நகர்த்திப் போட்ட வீடுகள் உண்டு. நகர்த்தாதீர்கள், தோழர்களே! அந்தக் கட்டை சும்மா நிற்கவில்லை, சுமந்து நிற்கிறது.

சிமெண்டுக்கு வருவோம். சிமெண்டு நம் பகையல்ல. அணையும் பாலமும் ஆலையும் அதனால் எழுந்தவை. ஆனால் சுண்ணாம்பிலே பிறந்த சுவருக்குச் சிமெண்டுச் சட்டை மாட்டுவது வேறு கதை. சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும். நிலத்திலிருந்து ஏறும் ஓதம் அதன் வழியே மெல்ல வெளியே வந்து காய்ந்துவிடும். அதன் மேலே கெட்டியாகச் சிமெண்டு பூசி, அதற்கு மேலே பிளாஸ்டிக் வண்ணம் அடித்தால் ஓதம் எங்கே போகும்? உள்ளேயே ஏறும், முழங்கால் உயரம் வந்த ஈரம் இடுப்புயரம் வரும், உப்புப் பூக்கும், பூச்சு பப்படம்போல உப்பி விழும். "என்ன பண்ணினாலும் இந்த வீடு உருப்படாது" என்று வீட்டின்மேலே பழி போடுவார்கள். பிறகு இடிப்பதற்கு அதுவே காரணமாகிவிடும்.

பழைய முறை செத்துவிட்டது, செய்ய ஆளில்லை என்று ஒப்பந்தக்காரர் கைவிரிப்பதுண்டு. ஆளில்லையா? சேப்பாக்கத்தைப் பாருங்கள். அரசு அலுவலகமாயிருந்த ஆர்க்காட்டு நவாபின் பழைய அரண்மனையிலே, கலசமகால் 2012 ஜனவரியிலே தீக்கு இரையாயிற்று. தீயணைக்கச் சென்ற வீரர் ஒருவர் உயிர் துறந்தார். இடித்துத் தள்ளிவிடலாம் என்று நினைக்கவும் இடமிருந்தது. ஆனால் பொதுப்பணித்துறை அதைச் சுண்ணாம்பும் கடுக்காயும் வெல்லமும் கொண்டு பழைய முறையிலேயே மீட்டுக் கட்டியது. மெட்ராஸ் டெரஸ் மறுபடியும் எழுந்தது. பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபத்தையும் அப்படித்தான் செப்பனிட்டார்கள். நவாபின் மாளிகைக்கு ஆள் கிடைத்தபோது, மயிலாப்பூர்ச் சந்திலே இருக்கும் எட்டடி அறைக்குக் கிடைக்காதா? ஆள் இருக்கிறான். அவன் நாள் கணக்கிலே உழைக்கக் கூலி கொடுக்க மனமில்லை, அதுதான் செய்தி.

இனி குடித்தனக்காரன் கதை. வீடு தனக்குச் சொந்தமானால் இருமினாலும் தும்மினாலும் தன் வீடு என்ற ஆறுதல் உண்டு. வாடகைக்கு இருப்பவனுக்கு? 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்திலே 14ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. ஆள் வெளியேறினால்தான் பழுது பார்க்க முடியும் என்ற நிலை உண்மையாகவே இருந்தால், வீட்டுக்காரர் இடத்தைக் கேட்டுப் பெறலாம். ஆனால் வேலை முடிந்ததும் பழைய குடித்தனக்காரனுக்கே, மூன்று மாதத்துக்குள்ளாகவோ அதிகாரி நீட்டித்துத் தரும் காலத்துக்குள்ளாகவோ, இடத்தைத் திரும்பத் தருவதாக உறுதி கூறவேண்டும். அதே பிரிவிலே இன்னொரு கதவும் இருந்தது: முழுக்க இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதற்கு. பழுது என்று சொல்லி முதல் கதவைத் தட்டுவதைக் காட்டிலும் இடிப்பு என்று சொல்லி இரண்டாம் கதவைத் திறப்பதிலே வீட்டுக்காரருக்கு ஆதாயம் அதிகம். மயிலையிலும் மாம்பலத்திலும் நிலத்தின் விலை ஏற ஏற, கூரையின் ஒழுகலும் ஏன் ஏறியது என்று இப்போது விளங்குகிறதல்லவா? ஒழுகும் கூரையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதே சிலருக்கு ஒரு வழக்கு முறை!

அந்தச் சட்டம் போயிற்று. 2017இல் இயற்றிய புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் மொழி பளபளப்பானது: உரிமைகள், பொறுப்புகள். பொறுப்புப் பட்டியலும் அதிலே இருக்கிறது. சுவரும் கூரையும் சார்ந்த பழுது, வெள்ளையடிப்பு, குழாய் மாற்றுவது, மின்கம்பி ஆகியவை வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய்க்கு வாஷர் போடுவது, சாக்கடை அடைப்பை எடுப்பது போன்றவை குடித்தனக்காரர் பொறுப்பு. வீட்டுக்காரர் தன் கடமையைச் செய்ய மறுத்தால், குடித்தனக்காரர் தானே செய்துவிட்டு, ஒரு வரம்புக்கு உட்பட்டு வாடகையிலே கழித்துக்கொள்ளவும் வழி சொல்கிறது. இது நம் தோழர்களிலே எத்தனை பேருக்குத் தெரியும்? தெரிந்துகொள்ளுங்கள், பக்கத்து வீட்டுக்கும் சொல்லுங்கள்.

ஆனால் அதே சட்டம் எழுத்துமூல ஒப்பந்தம் வேண்டும் என்கிறது. அது இல்லையென்பதே வெளியேற்றத்துக்குக் காரணமாகலாம். முப்பது ஆண்டுகளாக மாதம் முதல் வாரம் கையிலே வாடகையை வைத்துக் கும்பிட்டுவிட்டு வந்த பெரியவரிடம் என்ன ஒப்பந்தம் இருக்கும்? கையிலே ரசீதுகூட இருக்காது. இப்படிப்பட்டவர் சுவரிலே விரிசல் கண்டாலும் வாய் திறப்பாரா? "ஐயா, கூரை ஒழுகுது" என்று சொன்னால், "அப்படியா, காலி பண்ணு, கட்டிக்கிறேன்" என்று பதில் வரும் என்ற அச்சம். ஆகவே வாளியை வைத்துக்கொள்கிறார். ஒழுகும் இடத்துக்கு ஒரு வாளி, பேசாமல் இருப்பதற்கு ஒரு வாழ்க்கை!

தியாகராய நகரைப் பற்றி இரண்டு சொல். மாம்பலத்து ஏரியைத் தூர்த்து 1920களிலே எழுந்த நகர் அது. நீதிக்கட்சித் தலைவர் சர் பிட்டி தியாகராயர் பெயரால் நகர், பனகல் அரசர் பெயரால் பூங்கா, டாக்டர் நாயர் பெயரால் சாலை, டாக்டர் நடேசனார் பெயரால் பூங்கா. பெயர்ப்பலகையைப் படித்தாலே வரலாறு வரும். ஏரியாயிருந்த இடம் என்பதை மனிதன் மறந்தாலும் தண்ணீர் மறப்பதில்லை, ஒவ்வொரு பெருமழைக்கும் தன் பழைய முகவரிக்கே வந்து கதவைத் தட்டுகிறது. அங்கே பழைய தோட்ட வீடுகளிலே பெரும்பாலானவை கடையாகவும் அடுக்ககமாகவும் மாறிவிட்டன. எஞ்சியவற்றிலே பழுது பார்க்கிறவர்கள் செய்யும் முதல் வேலை தரையை உயர்த்துவது. சாலை ஏற ஏற வீடு தாழ்கிறது. சிவப்புக் காவித்தரை, கண்ணாடிபோல மின்னுமே, அதன் மேலேயே ஓர் அடி மண்ணைக் கொட்டிப் புதுத் தரை போடுகிறார்கள். கதவு குட்டையாகிறது, நெற்றியிலே நிலை இடிக்கிறது.

அடையாற்றங்கரைக்கு இந்தப் பாடம் 2015இல் கிடைத்தது. டிசம்பர் 1ஆம் நாள் இரவு, செம்பரம்பாக்கத்திலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி திறந்துவிடப்பட்ட நிலையிலே, ஆறு கரையை உடைத்துக்கொண்டு கோட்டூர்புரத்திலும் சைதாப்பேட்டையிலும் வீடுகளுக்குள்ளே நடந்தது. வெள்ளம் வடிந்த மறுநாள் சென்னை முழுதும் ஒரே வேலை: குடியிருந்துகொண்டே பழுதுபார்ப்பது. மேல்மாடி இருந்தவன் மேலே ஏறிக்கொண்டு கீழ்வீட்டைக் கழுவினான். மாடி இல்லாதவன் ஈரச்சுவருக்குள்ளேயே படுத்தான். செங்கல் சுவர் குடித்த நீர் உலர மாதங்கள் பிடிக்கும். அதற்குள் வண்ணம் அடித்தவர்கள் மறு ஆண்டும் அடித்தார்கள். மின்சாரம்தான் அப்போது பெரிய ஆபத்து. பழைய வீடுகளிலே மரச்சட்டத்தின் மேலே ஓடும் கம்பிக்கு உறை உதிர்ந்திருக்கும், நில இணைப்பு இருக்காது. ஈரச்சுவரிலே ஆணி அடிக்கப்போனவன் கையே கம்பியாகிவிடும். கசிவு கண்டால் மின்சாரத்தை நொடியிலே துண்டிக்கும் சிறு கருவி கடையிலே கிடைக்கிறது. வண்ணத்துக்குச் செலவிடுவதிலே ஒரு சிறு பங்கு போதும், அதை முதலில் மாட்டுங்கள்.

இனி நமக்கு மிக நெருங்கிய இடத்துக்கு வருவோம். 1970இலே குடிசை மாற்று வாரியம் பிறந்தது, மறு ஆண்டிலே அதற்கான சட்டம் வந்தது. குடிசையிலே வெந்த மக்களுக்கு மாடி கிடைத்தது. அது சின்னச் செயலல்ல. எழுந்த மாடிகள் இன்று என்ன நிலையிலே இருக்கின்றன? 2021இலே வாரியத்தின் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. பெயர் மாறுவது எளிது, தூணுக்குள்ளே இருக்கும் கம்பி மாறுவது அரிது. கடற்கரையை ஒட்டிய பட்டினப்பாக்கத்திலும் நொச்சிக்குப்பத்திலும் உப்புக்காற்று ஓயாமல் வீசுகிறது. உப்பு காரைக்குள்ளே இறங்கிக் கம்பியைத் தொடுகிறது. துருப்பிடித்த கம்பி பருத்து, தன்னைப் பொத்தி வைத்திருக்கும் காரையைத் தானே பிளக்கிறது. மேலே பூசினால் மூன்று மாதம் தாங்கும். முறை வேறு: உதிரும் காரையைத் தட்டி எடுத்து, கம்பியைச் சுரண்டித் துரு நீக்கி, தேய்ந்த கம்பிக்குத் துணைக் கம்பி கட்டி, துருத் தடுப்பு பூசி, அதன் பிறகே புதுக்காரை. இதைக் குடித்தனக்காரன் ஒவ்வொருவனும் தன் அறைக்குத் தனித்தனியே செய்ய முடியாது. தூண் எல்லாருக்கும் பொது.

பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்திலே 2024 டிசம்பரிலே, மழை நாளொன்றிலே, அடுக்குமாடியின் சன்னல் மேல்விதானம் பெயர்ந்து கீழே சென்ற இளைஞன் தலையிலே விழுந்தது. இருபத்தைந்து வயதுகூட நிரம்பாதவன், திருமணத்தை எதிர்நோக்கியிருந்தவன், மாண்டான். மக்கள் சாலையிலே அமர்ந்து கேட்டார்கள். அதற்கு மூன்றாண்டு முன்பு, 2021 டிசம்பர் 27ஆம் நாள், திருவொற்றியூரிலே வாரியத்தின் 24 வீடுகள் கொண்ட கட்டடம் அப்படியே சரிந்தது. விரிசலைக் கண்டு மக்கள் முன்னரே வெளியேறியதால் உயிர்கள் தப்பின. ஒரு விரிசலை நம்பி, ஒரு தோழர் எழுப்பிய குரலை நம்பி இத்தனை உயிர்கள் பிழைத்தன என்றால், விரிசலைப் பார்க்க வேண்டிய அலுவலர் எங்கே இருந்தார் என்று கேட்கிறோம். ஆட்சியிலே யார் இருந்தாலும் கேட்போம்.

இந்த மாடிகளிலே உள்ள வீடு என்பது ஓர் அறை, ஒரு சமையற்கட்டு. அதிலே மூன்று தலைமுறை. மகனுக்குத் திருமணம் என்றால் பால்கனியை அடைத்து ஓர் அறை. பேரன் பிறந்தால் பரண். "ஆக்கிரமிப்பு" என்று அலுவலகக் குறிப்பு எழுதும். அண்ணா நகரிலும் அடையாறிலும் பங்களாவிலே ஓர் அறை கூட்டினால் "விரிவாக்கம்", பட்டினப்பாக்கத்திலே கூட்டினால் "ஆக்கிரமிப்பு"! நடுச்சுவரை உடைப்பது தவறு, தொட்டி நீரை மேலேற்றிக் கனத்தைக் கூட்டுவது ஆபத்து, அதை நாமும் சொல்கிறோம். ஆனால் பிள்ளைகள் வளரும் என்பது வீட்டை வரைந்த பொறியாளருக்குத் தெரியாதா? இடித்துக் கட்டும்போது வெளியே தங்கப் பணம் தருகிறார்கள். அந்தப் பணத்துக்கு மயிலைச் சுற்றுவட்டாரத்திலே வீடு கொடுப்பவர் யார்? மீனவன் கடலைவிட்டு எவ்வளவு தூரம் போய் வாடகைக்கு இருப்பான்? விடியற்காலை மூன்று மணிக்கு வலைக்குப் போகிறவனுக்கு எந்தப் பேருந்து ஓடுகிறது?

கடைசியாக, கரண்டி பிடித்தவன். இவனைச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னோம்.

பழைய வீட்டுக் கதவிலே அடுக்கடுக்காக வண்ணம் இருக்கும். பழைய எண்ணெய் வண்ணங்களிலே ஈயம் இருந்தது. அமெரிக்காவிலே வீட்டு வண்ணத்திலிருந்து அதை 1978இலேயே விலக்கினார்கள். இங்கே, வண்ணத்திலே பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேலே ஈயம் கூடாது என்ற விதி 2016இலே எழுதப்பட்டு, 2017 நவம்பரிலே நடைமுறைக்கு வந்தது. நாற்பதாண்டு இடைவெளி! அந்தக் கதவை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போது பறக்கும் தூளை இரண்டு பேர் சுவாசிக்கிறார்கள். ஒருவன் பெயிண்டர். மற்றொன்று, வீட்டைக் காலி செய்ய வழியில்லாத குடும்பத்தின் தவழும் குழந்தை. ஈயத்துக்குத் தீங்கற்ற அளவு என்று ஒன்றே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நனைத்துச் சுரண்டினால் தூள் பறக்காது, ஈரத்துணியால் துடைத்தால் தங்காது. ஒரு வாளித் தண்ணீர்தான் செலவு! கருங்கல்லையும் தரை ஓட்டையும் இயந்திரத்தால் உலரவைத்து அறுக்கும்போதும் அப்படியே. அந்த வெண்புகையிலே இருப்பது மணற்சத்து. அது நுரையீரலிலே தங்கினால் வரும் நோய்க்குத் தீர்க்கும் மருந்து இல்லை. வீட்டம்மா வாசலிலே ஈரச்சாக்கைத் தொங்கவிட்டு அடுத்த அறையைக் காப்பாற்றிக்கொள்கிறாள், சரியான செயல். சாக்குக்கு உட்புறத்திலே நிற்கிறவனுக்கு முகத்துணியாவது யார் கொடுத்தது?

சட்டம் கொடுத்ததா? 1996இலே கட்டுமானத் தொழிலாளருக்கென ஒன்றிய அரசு ஒரு சட்டம் இயற்றியது. பத்துப் பேராவது வேலை செய்யும் இடமாக இருக்க வேண்டும் என்றது. சொந்தக் குடியிருப்புக்கான வேலை 10 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டிருந்தால் அது சட்டத்துக்கு வெளியே என்றது. ஒரு மேஸ்திரி, இரண்டு கொத்தனார், இரண்டு சித்தாள். நாம் பேசிக்கொண்டிருக்கும் வேலை முழுவதும் வெளியேதான்! 2020இலே வந்த தொழிற்பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் இதை மாற்றியதா? மாற்றியது. 10 லட்சத்தை 50 லட்சமாக்கியது! சட்டத்தின் கூரையை அகலமாக்கச் சொன்னோம், மழையின் பரப்பை அகலமாக்கிக் கொடுத்தார்கள். 2025 நவம்பர் 21ஆம் நாள் முதல் அது நடைமுறை என்று ஒன்றிய அரசு அறிவித்தது. அரைக்கோடி ரூபாய் செலவழித்து அடையாறிலே ஒருவர் தன் வீட்டைப் புதுப்பித்தால், அங்கே சாரத்திலிருந்து விழுகிறவனுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. சாரத்தின் உயரம் குறைந்துவிட்டதா? விழுந்தால் உடைகிற எலும்பு வேறா?

நம் மாநிலத்திலே கதை சற்று மேல். தொழிலாளர் போராடிப் பெற்ற 1982ஆம் ஆண்டு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் இருக்கிறது. அதன்கீழ் 1994இலே கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் அமைந்தது. விபத்து உதவி, பிள்ளைகளின் கல்வி உதவி, திருமண உதவி, 60 வயதுக்குப் பின் ஓய்வூதியம் எல்லாம் உண்டு. ஆனால் அட்டை வேண்டும். பெரிய கட்டடத்திலே ஒரே இடத்தில் ஓராண்டு வேலை செய்கிறவனுக்குச் சான்று எளிது. இங்கே நான்கு நாள், அங்கே ஆறு நாள் என்று ஆண்டிலே முப்பது வீடு ஏறி இறங்குகிற ஒட்டுவேலைக் கொத்தனாருக்கும், அவருக்குச் சட்டி தூக்கும் சித்தாளுக்கும் யார் சான்று எழுதுவது? சித்தாள் பெண்கள் பலரிடம் அட்டையே இல்லை, இருப்பவர்களிலும் பலர் புதுப்பிக்கவில்லை.

ஆகவே வட்டக் கழகத் தோழர்களுக்கு ஒரு வேலை. தைக்குப் பிறகு மயிலை, மந்தைவெளி, மாம்பலம், அடையாறு வட்டாரங்களிலே பழுது வேலை மும்முரமாகும். காலை எட்டு மணிக்குக் கரண்டியும் மட்டக்கோலும் சாக்கிலே சுற்றி வைத்துக்கொண்டு தேநீர்க்கடை ஓரத்திலே ஆள் எடுப்பவருக்காக நிற்பார்களே, அங்கே செல்லுங்கள். அட்டை இருக்கிறதா, காலாவதி எப்போது என்று கேளுங்கள். இல்லாதவர் பெயரை எழுதி, ஆதாரும் வங்கிப் புத்தகமும் எடுத்துவரச் சொல்லி, மாலையிலே மன்றத்திலே அமர்ந்து விண்ணப்பத்தை நிரப்புங்கள். அவர் வேலை செய்த வீட்டுக்காரரிடம் போய், "இத்தனை நாள் எங்கள் வீட்டிலே வேலை செய்தார்" என்று ஒரு தாளிலே கையெழுத்துக் கேளுங்கள். பெரும்பாலோர் போடுவார்கள். போட மறுக்கிறவர் வீட்டுக் கதவையும் மறு வாரம் இன்னொரு முறை தட்டுங்கள்.